மாஸ்டர் வராவிட்டால் வகுப்பை ரத்து செய்துவிடலாமா?

ஜனவரி 6, இழையைத் தொடங்கிய வாசகர்

எங்கள் யோகா ஆசிரியர் ஒரு மாதம் விடுப்பில் போயிருக்கிறார். அவருக்குப் பதிலாக வேறொருவர் வருகிறார். வந்த முதல் நாளே ஆசன வரிசையை மாற்றிவிட்டார். நான்கு ஆண்டுகளாகப் பழகிய உடம்பு திணறுகிறது. போதாக்குறைக்குக் கடைசிப் பத்து நிமிடம் கண்களை மூடச் சொல்லி, "உங்கள் கால்களுக்கு நன்றி சொல்லுங்கள், உங்கள் கல்லீரலுக்கு நன்றி சொல்லுங்கள்" என்று பிரசங்கம். யோகா செய்ய வந்தேனா, கல்லீரலோடு பேச வந்தேனா? ஆசிரியர் வராவிட்டால் வகுப்பை ரத்து செய்வதே நேர்மை என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜனவரி 6, இரவு

அந்தப் பதிலி ஆசிரியர் நான் இல்லை. நான் யாருடைய கல்லீரலையும் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் நானும் இப்போது ஒரு பதிலிதான். எங்கள் மாஸ்டர் இல்லாத இந்த வாரங்களில் காலை வகுப்பை நடத்திக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

வரிசையை மாற்றியது தவறு. அதில் நான் உங்கள் கட்சி. ரத்து செய்ய வேண்டும் என்பதில் இல்லை. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன் எழுந்தாக வேண்டும்.

ஜனவரி 7

எங்கள் மாஸ்டருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. சில வாரங்களுக்குத் தலையைக் குனியக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைக் குனிய வைத்தவரிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தொலைபேசியில் என்னைக் குடைந்தெடுக்கிறார்.

பொறுப்பை ஒப்படைத்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாரம்மா, புதிதாக எதையும் சேர்க்காதே. மூச்சை முதலில் சொல், கையை அப்புறம் சொல். செய்து காட்டுவதைக் குறைத்துக்கொள். யாராவது வராவிட்டால் ஏன் என்று விசாரித்து வை." என்னிடம் சான்றிதழ் இருக்கிறது. அதற்கான படிப்பில் எலும்புகளின் பெயர், தசைகளின் பெயர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கூடம் நிறைய ஆட்கள் உங்களைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் நாள் அதுதான் நடந்தது. ஒரு பெரியவர், "மாஸ்டர் வரமாட்டாரா?" என்று கேட்டார். "கண் ஆபரேஷன், ஐயா" என்றேன். அவர் பாயைச் சுருட்டத் தொடங்கினார். பாதி சுருட்டியவர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மறுபடியும் விரித்துவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பாதிப் பாய்க்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நின்ற நிலையில் முதல் அசைவு. "மூச்சை உள்ளிழுத்து" என்று தொடங்கினேன். "கைகளை" என்று சொல்வதற்குள் எல்லாருடைய கைகளும் எழுந்துவிட்டன. அதுவும் என் வேகத்தில் இல்லை. மாஸ்டர் எண்ணும்போது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி விழும். அவருக்கு ஒரு பழைய இருமல் உண்டு. அதை அடக்கிக்கொள்ளும் இடம் அது. அன்றைக்கு அவர் வீட்டில் இருக்கிறார், கூடத்தில் நான் சீராக எண்ணிக்கொண்டிருக்கிறேன், கைகளெல்லாம் நான்காவது எண்ணில் காதுகளுக்குப் பக்கத்தில் வந்து ஒரு கணம் நிற்கின்றன. பிறகுதான் மேலே போகின்றன. எந்த சாஸ்திரத்திலும் அந்த இருமலுக்கு இடமில்லை. எங்கள் தோள்மூட்டுகளில் அது பதிந்து கிடக்கிறது.

மறுநாளிலிருந்து நானும் நான்கில் நின்றுவிட்டு ஐந்துக்குப் போகிறேன்.

ரத்து செய்ய வேண்டியதில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். வகுப்பில் பாதிக்கு மேல் ஏற்கெனவே மாணவர்களின் உடம்பில் இருக்கிறது. பதிலிக்கு வேலை அதைக் கெடுக்காமல் இருப்பது. உங்கள் ஊர்ப் பதிலிக்கு அது தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

ஜனவரி 8

எதிரே நின்று நடத்தும்போது வலது, இடது குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குழம்பும். "வலது கை" என்று வாய் சொல்ல வேண்டும், இடது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் பார்ப்பவர்களுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் நேராகத் தெரியும். திரிகோணாசனம் வரைக்கும் சமாளிக்கலாம். அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் ஒரு கால் மடங்கி, ஒரு கால் தாண்டி, எதிர்க் கை அதைச் சுற்றி வரும்போது உடம்பைவிட மூளைதான் அதிகமாக முறுக்கிக்கொள்கிறது.

நான் கண்டுபிடித்த வழி: வலதும் வேண்டாம், இடதும் வேண்டாம். "ஜன்னல் பக்கம் திரும்புங்கள், கதவுப் பக்கம் திரும்புங்கள்." இதுவரை யாரும் ஜன்னலையும் கதவையும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஜனவரி 10

"மருத்துவ விவரமெல்லாம் பதிலிக்கு எதற்கு, மாஸ்டருக்குத் தெரிந்தால் போதாதா?" போதாது ஐயா. மாஸ்டரின் தலைக்குள் இருக்கும் பட்டியல் மாஸ்டரோடு சேர்ந்து வீட்டில் ஓய்வெடுக்கிறது.

அதோமுக ஸ்வானாசனத்துக்கு, அதாவது கையையும் காலையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தித் தலையைத் தொங்கவிடும் நிலைக்கு, எல்லாரும் குனிகிறார்கள். சுவரோரம் ஓர் அம்மாள் மட்டும் குனியவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் இடுப்பு உயரத்தில் ஊன்றி, முதுகை நீட்டி, தலை கீழே போகாமல் நிற்கிறார். பல காலம் அவருக்குப் பின்வரிசையில் இருந்திருக்கிறேன். சுவரோரம் அவருக்குப் பிடித்த இடம் என்றுதான் எங்களுக்கெல்லாம் எண்ணம். பக்கத்தில் போனதும் காதோடு சொன்னார்: "எனக்குக் கிளாக்கோமா. மாஸ்டருக்குத் தெரியும்."

கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய் அது. தலைகீழ் ஆசனங்கள் அந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றும். சிரசாசனம் பழகிய 75 பேரைச் சோதித்து 2006இல் வெளியான ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானது. சரி, சிரசாசனம் எல்லாருக்கும் இல்லை என்று விட்டுவிடலாம். 2015இல் வந்த இன்னோர் ஆய்வு சாதாரண ஆசனங்களைப் பார்த்தது: அதோமுக ஸ்வானாசனம், உத்தானாசனம், ஹலாசனம், விபரீதகரணி. நான்கிலும் ஒரு நிமிடத்துக்குள் அழுத்தம் ஏறியது. அதிகம் ஏறியது அதோமுக ஸ்வானாசனத்தில். ஒரு சூரிய நமஸ்காரச் சுற்றில் எத்தனை தடவை அந்த நிலைக்கு வருகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

கண் ஒன்றுதான் என்றில்லை. வயிற்றைச் சுருக்கி மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கர்ப்பிணிக்கு ஆகாது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருப்பவருக்கும், குடலிறக்கம் இருப்பவருக்கும் ஆகாது. கழுத்தெலும்பு தேய்ந்தவரை, தோள்களை ஊன்றிக் கால்களை மேலே நிறுத்தும் சர்வாங்காசனத்தில் ஏற்றக் கூடாது. எலும்பு மெலிந்த வயதானவரை முதுகு வளைய முன்னால் குனியச் சொன்னால், முள்ளெலும்பு நொறுங்கும் ஆபத்துகூட உண்டு. வெளியில் பார்த்தால் இவர்கள் எல்லாரும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். வகுப்பு தொடங்கும்போது "யாருக்காவது உடல்நலப் பிரச்சினை உண்டா?" என்று பொதுவில் கேட்டால் எல்லாருக்கும் எல்லாம் நலம். பாய் விரிக்கும் நேரத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, "உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்காமல், "எந்த ஆசனம் வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்?" என்று கேளுங்கள். நோயை மறைப்பவர்கள்கூட இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். நோய் அந்தரங்கம். மாஸ்டர் வேண்டாம் என்று சொன்னது கொஞ்சம் பெருமை. ஒரு கையேட்டில் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டே வந்தேன். முதல் பக்கம் நிறைந்துவிட்டது.

7ஆம் தேதி எழுதியதை இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். "புதிதாக எதையும் சேர்க்காதே" என்ற கட்டளை சேர்ப்பதற்கு மட்டும்தான். விடுவதற்குத் தடை இல்லை. சர்வாங்காசனத்தை நான் விட்டுவிட்டேன். மாஸ்டர் கூடத்தின் இந்தக் கோடியில் இருந்துகொண்டே அந்தக் கோடியில் திரும்பும் கழுத்தைப் பிடித்துவிடுவார். எனக்கு அந்தக் கண் இல்லை. தோள்களில் மொத்த உடம்பையும் தாங்கிக்கொண்டிருக்கும் அத்தனை கழுத்துகளை ஒரே நேரத்தில் என்னால் காவல் காக்க முடியாது. அதற்குப் பதிலாக, மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் உயர்த்தும் சேதுபந்தாசனம். சர்வாங்காசனம் போனதும் அதற்கு எதிர் ஆசனமான மத்ஸ்யாசனமும் போய்விட்டது. "மத்ஸ்யாசனம் எங்கே?" என்று முன்வரிசையில் கிளர்ச்சி. வகுப்பு என்றால் கோஷ்டி இல்லாமலா?

ஜனவரி 11

மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில் ஒருவர் குறட்டை விட்டால் எழுப்ப வேண்டுமா என்று கேட்டவருக்கு: குறட்டை பக்கத்துப் பாய்க்காரரின் தூக்கத்தைக் கெடுக்காத வரை வேண்டாம்.

ஜனவரி 13

உடம்பைத் தொட்டுத் திருத்தலாமா, கூடாதா என்று மேலே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. மாஸ்டர் தொடுவார். வீரபத்ராசனத்தில் பின்னங்காலின் முட்டிக்குப் பின்னால் இரண்டு விரலை வைப்பார். மடங்கியிருந்த கால் தானாக நீண்டுவிடும். அவருக்கு அவர்களைத் தெரியும், அவர்களுக்கு அவரைத் தெரியும். நான் தொடுவதில்லை. நேற்று வந்த கைக்கு அந்த உரிமை கிடையாது.

தொடாமல் திருத்துவது கஷ்டம் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அதனால் எனக்கு ஒரு லாபம்: வார்த்தைகளைத் தேட வேண்டியிருக்கிறது. "முதுகை நிமிர்த்துங்கள்" என்றால் மார்பைப் பிதுக்குகிறார்கள். "உச்சந்தலையை மேலே தள்ளுங்கள்" என்றால் முதுகு நிமிர்கிறது. "தோள்களைத் தளர்த்துங்கள்" என்றால் ஒன்றும் நடப்பதில்லை. "காதுக்கும் தோளுக்கும் இடையில் இடம் விடுங்கள்" என்றால் உடனே தோள் இறங்குகிறது. இதையெல்லாம் மாஸ்டர் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எதற்காக அந்தச் சொல் என்று நான் யோசித்ததில்லை, செய்துகொண்டிருந்தேன். நடத்த நின்றதும் வார்த்தை வார்த்தையாக அவர் கடன் கொடுத்திருப்பது தெரிகிறது.

ஜனவரி 15

"பதிலி ஆசிரியர் என்பதே இன்றைய வியாபாரம், குரு சிஷ்ய மரபில் இதற்கெல்லாம் இடமே இல்லை" என்று ஒருவர் முழங்கியிருக்கிறார். அவருக்கு ஒரு கதை.

1937. மைசூரில் யோகசாலை நடத்திக்கொண்டிருந்த கிருஷ்ணமாச்சாரியார், புனேயில் யோகா கற்றுக்கொடுக்கத் தன் மைத்துனரை அனுப்புகிறார். பையனுக்கு வயது 18. சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து வந்து வாட்டிய உடம்பு. ஆறு மாதத்துக்கு என்று போனவர்தான் பி. கே. எஸ். ஐயங்கார். 2014இல் காலமாகும் வரை புனேயே அவருக்கு ஊராகிவிட்டது. பெல்ட், மரக்கட்டை, நாற்காலி, போர்வை என்று துணைப்பொருள்களை வைத்து, வளையாத உடம்பும் ஆசனம் செய்ய வழி பண்ணியவர் அவர். இது பதிலி கணக்கில் சேருமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குரு போகவில்லை, சீடர் போனார். எனக்கு அது போதும்.

மாஸ்டரிடம் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். "ஆறு மாதமெல்லாம் இல்லை, கண் ஆறியதும் வந்துவிடுவேன். நீ புனேயாக்கிவிடாதே" என்றார்.

இன்னொன்று. இழையைத் தொடங்கியவர் தம் வகுப்பின் வரிசை ஏதோ ரிஷிகள் போட்டுக்கொடுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. யோகத்துக்கு மூலநூல் தந்த பதஞ்சலியின் 195 சூத்திரங்களில் (சில பதிப்புகளில் 196) ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. அவற்றிலும் ஓர் ஆசனத்தின் பெயர்கூட இல்லை. 15ஆம் நூற்றாண்டின் யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையில் விவரிக்கப்படும் ஆசனங்கள் 15. அதற்குப் பின் வந்த கேரண்ட சம்ஹிதையில் 32. நாம் தினமும் செய்யும் சூரிய நமஸ்காரம் உடற்பயிற்சியாக நாடெங்கும் பரவியது போன நூற்றாண்டின் முற்பகுதியில். இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் சமஸ்தானத்து மன்னர் பவான்ராவ் அதற்குப் பெரிய பிரசாரகர். ஆகவே உங்கள் வரிசை உங்கள் ஆசிரியர் போட்டது, அல்லது அவருடைய ஆசிரியர் போட்டது.

அப்படியானால் மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். புனிதம் என்பதற்காக மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த நிலைக்குப் போகத் தெரிந்தவர்களை, ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்பி ஆசிரியரைப் பார்க்கும்படி செய்துவிடுகிறீர்கள். மூச்சு போய்விடுகிறது. போவது அதுதான், பாரம்பரியம் அல்ல.

ஜனவரி 18

பாதிப் பாய் சுருட்டிய அந்தப் பெரியவர் இப்போது என்னைச் சோதிப்பதற்கென்றே சீக்கிரம் வருகிறார். திருமந்திரத்தில் ஆழ்ந்தவர். "மூன்றாம் தந்திரத்தில் என்ன சொல்லியிருக்கிறது? பூரகம் 16, கும்பகம் 64, ரேசகம் 32. நீங்கள் என்னம்மா நான்கு இழு, ஆறு விடு என்று பால்வாடி நடத்துகிறீர்கள்?"

பூரகம் மூச்சை இழுப்பது, கும்பகம் உள்ளே அடக்குவது, ரேசகம் விடுவது. கூட்டிப் பாருங்கள். மாத்திரை என்ற பழைய கால அளவில் 112. ஒரு மாத்திரைக்கு ஒரு வினாடி என்று வைத்தால்கூட ஒரே ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். இரண்டாம் வரிசையில் மட்டும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்பது என் கையேட்டில் இருக்கிறது. மூச்சை அடக்கச் சொல்லிவிட்டு யார் முகம் சிவக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. "ஐயா, அது குருவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டியது. குரு கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் இருக்கிறார்" என்றேன்.

நான்கு வினாடி இழுத்து ஆறு வினாடி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. அதற்கு ஒரு நியாயம் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். நிமிடத்துக்கு ஆறு என்று வரும்போது ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, கிறிஸ்தவ செபமாலையைச் சொல்பவர்களையும் யோக மந்திரம் சொல்பவர்களையும் அளந்து பார்த்தது. இரண்டும் ஒரே மாதிரி நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சில் கொண்டுவந்து நிறுத்தின. இதைப் பெரியவரிடம் சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானால் பாடிக்கொண்டே வந்தால் போதும், நீங்களும் வேண்டியதில்லை" என்றார். தோற்றுப்போனேன். மறுநாளும் சீக்கிரம் வந்தார்.

ஜனவரி 19

பதிலிக்குச் சம்பளம் வாங்கலாமா? வாங்குங்கள். யோகாவுக்குக் காசா என்று கேட்பவர்கள் யாரும் உங்களுக்காக விடியற்காலையில் எழுந்து கூடத்தைப் பெருக்கப் போவதில்லை.

ஜனவரி 23

கல்லீரல் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நாள் அதைத் தொடாமல் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் எனக்கு அதில் ஒரு கட்சி இல்லை, இரண்டு இருக்கின்றன.

வகுப்பில் நான் நன்றியைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்தவர் எதற்கு நன்றியாக இருக்க வேண்டும் என்று சொல்ல நான் யார்? பாயில் படுத்திருப்பவருக்கு அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. முட்டி வலியோடு வந்தவரிடம் முட்டிக்கு நன்றி சொல்லச் சொன்னால் அவர் மனதுக்குள் என்ன சொல்வார் என்பது மட்டும் தெரியும்.

ஆனால் நன்றி எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். அப்பா படுக்கையில் கிடந்த காலம். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வகுப்புக்கு வருவேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. வந்து பாயில் சாய்ந்தால் எழுந்திருக்க முடியாது. எல்லாரும் நமஸ்காரச் சுற்றுகள் போட்டுக்கொண்டிருக்க, நான் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சவாசனத்தில் கிடப்பேன். மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டதில்லை. போர்வையை நான்காக மடித்து முட்டிக்குக் கீழே வைத்துவிட்டு, எண்ணிக்கையை விடாமல் அப்படியே நடந்து போவார். வாரக்கணக்கில் இதுதான் என் யோகா.

அதே நாள்களில் வீட்டில் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தது. அவருடைய அக்குளுக்குள் கையைக் கொடுத்து, முட்டியை மடித்து, மூச்சை வெளிவிட்டுக்கொண்டே தூக்குவேன். யாரும் அப்போது சொல்லித்தரவில்லை. வெளிவிடும்போது வயிறு உள்ளே போய் முதுகைப் பிடித்துக்கொள்ளும் என்பது உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. உதவிக்கு வந்த உறவினர் ஒருவர் ஒரே தூக்கில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மன அமைதி கிடைத்தது, ஞானம் கிடைத்தது என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. அப்பாவைக் கீழே போட்டுவிடாமல் தூக்க முடிந்தது. நான் நன்றி சொல்வதென்றால் அதற்குத்தான்.

போன வாரம் ஓர் இளைஞர் வீங்கிய கண்களோடு வந்து, வந்தவுடனே மல்லாந்து படுத்துவிட்டார். எனக்குள் என்னென்னவோ ஓடியது. போர்வையை மடித்து முட்டிக்குக் கீழே வைத்தேன். ஒரு கண்ணைத் திறந்து, "ஒன்றுமில்லை மேடம், இரவுப் பணி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். 11ஆம் தேதி குறட்டைக்குச் சொன்ன விதியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயன்படுத்தினேன்.

ஜனவரி 24

"சொல்லாத நன்றி யாருக்குப் பயன்? வாய்விட்டுச் சொன்னால் சிலருக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருக்கிறது" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நேற்று முழுவதும் இதே யோசனை. அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

இன்றைக்குச் சுவரோரத்து அம்மாளிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சொன்னார்: "மாஸ்டர் தினமும் சொல்வாரே, உனக்கு ஞாபகம் இல்லையா?" ஆமாம், சொல்வார். வகுப்பு முடிந்து, எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலைச் சாத்திக்கொண்டே யாரையும் பார்க்காமல், "வந்ததுக்கு நன்றி, நாளைக்கும் வாருங்கள்" என்பார். தினமும் கேட்டதால் காதில் விழாமலே போய்விட்டது.

வித்தியாசம் இருக்கிறதல்லவா? அவர் எங்களுக்கு நன்றி சொன்னார். எங்களைச் சொல்லச் சொல்லவில்லை. நாளையிலிருந்து நானும் ஜன்னலைச் சாத்தும்போது சொல்லப் போகிறேன். இது புதிதாகச் சேர்ப்பது ஆகாது. விட்டுப்போனதைத் திரும்ப வைப்பதுதான்.

பிப்ரவரி 10

மாஸ்டர் வந்துவிட்டார். புதுக் கண்ணால் முதலில் அவர் பார்த்தது விட்டத்தில் தொங்கிய ஒட்டடையை. "இத்தனை நாளும் இது இங்கேதான் இருந்ததா?" என்று என்னைக் கேட்டார். இருந்தது, மாஸ்டர். உங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஓய்வில் இருமல் போய்விட்டதாம். ஆகவே இப்போது அவர் ஒன்று முதல் ஐந்து வரை சீராக எண்ணுகிறார். வகுப்போ நான்கில் நின்று காத்திருக்கிறது. இரண்டு மூன்று தடவை எண்ணிக்கைக்கும் கைகளுக்கும் பொருந்தாமல் போனது. "ஏனம்மா இவர்கள் நான்கில் நிற்கிறார்கள், நீ சொல்லிக்கொடுத்தாயா?" என்று என்னிடம் விசாரணை. விஷயத்தைச் சொன்னதும் நம்பவில்லை. எல்லாரையும் கேட்டார். எல்லாரும் நான் சொன்னதைத்தான் சொன்னார்கள். கொஞ்சம் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். இனி என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. முன்வரிசை இருமல் வேண்டும் என்கிறது.

கையேட்டைக் கொடுத்தேன். சர்வாங்காசனத்தை விட்டதற்கு முகம் கடுத்தது. பக்கங்களைப் புரட்டி, இரண்டு பெயர்களில் நிறுத்தினார். ஒன்று கழுத்து, ஒன்று கண் (சுவரோரத்து அம்மாள் இல்லை, வேறொருவர்). "இவர்கள் என்னிடம் சொல்லவே இல்லையே" என்றார். அந்த இரண்டு பேரும் இனிச் சேதுபந்தாசனம் செய்வார்கள், மற்றவர்கள் சர்வாங்காசனம் செய்வார்கள் என்று உடன்பாடு. மத்ஸ்யாசனம் திரும்பி வந்தது. முன்வரிசைக்கு வெற்றி.

வாரத்தில் ஒரு நாள் நீயே நடத்து என்கிறார். சரி என்றேன். மற்ற நாள்களில் என் பழைய இடத்தில் நிற்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு யாரோ எண்ண, நாம் கைகளைத் தூக்குவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 12

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய ஆசிரியரும் வந்துவிட்டாராம். பழைய வரிசையே நடக்கிறதாம். ஆனால் பதிலி சொல்லிக்கொடுத்த தோள்பட்டைப் பயிற்சி ஒன்று நன்றாக இருந்தது, அதை வீட்டில் தனியாகச் செய்கிறேன் என்கிறார். சந்தோஷம், ஐயா. கல்லீரல் என்ன சொல்கிறது?

பிப்ரவரி 13

அடுத்த வாரம் முதன்முதலாகப் பதிலி வகுப்பு எடுக்கப் போகிறேன், என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று கேட்டவருக்கு. வழக்கமான ஆசிரியரிடம் வரிசையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; முடிந்தால் முந்தின நாள் அவருடைய வகுப்பில் கடைசி வரிசையில் நின்று பாருங்கள், எண்ணும் வேகம் எழுத்தில் வராது. கையேடு, பேனா, சத்தம் போடாத கடிகாரம். அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.